இடப்பக்கம்

கதவைத் திறக்கும் முன்
ஜன்னலைச் சாத்திவிட வேண்டும்.
இரண்டும் ஒருசேரத் திறந்திருந்தால்
காற்று கூடத்தின் குறுக்கே ஓடி
அவள் இடக் கன்னத்தைத் தொட்டுவிடும்.

பூன்டா அரேனாஸ்.
விழாமல் பிடித்து நடக்கத்
தெருமுனைகளில் கயிறு கட்டிவைத்த ஊர்.
இங்கேயே பிறந்த இஸ்மேனியா
ஆறு வருடமாகக் காற்றுக்கு ஒளிந்து வாழ்கிறாள்.

முகத்தில் ஒரு நரம்பு;
மருந்துச் சீட்டின் பின்னால் வரைந்து காட்டினார் மருத்துவர்,
மூன்று கிளை, காதருகே வேர்.
ஈரக் கையால் பிளக்கைத் தொட்டதுபோல், என்றாள் அவள்.
பல் துலக்கினால். சிரித்தால்.
சூப்பு சற்றே சூடாக இருந்தால்.
போனிஃபாசியோ என்று கூப்பிடக்கூட
முதல் எழுத்துக்கு உதடுகள் ஒட்ட வேண்டும்.
அதனால் மேஜையை இரண்டு முறை தட்டுகிறாள்.
என் பெயர் இப்போது இரண்டு தட்டு.

எல்லோரும் கேட்கிறார்கள், அவள் எப்படி இருக்கிறாள்.
மருந்துக்கடைப் பெண் ஒருநாள்
"நீங்கள்?" என்றாள்.
"இருநூறிலிருந்து நானூறாக்கியிருக்கிறார்கள்" என்றேன்.
கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு
மாத்திரைப் பெட்டியை எடுத்து வந்தாள்.

நான் போர்வெனிர் படகில் கயிறு கட்டுபவன்.
நீரிணையின் மேல் கத்தலாம், பாடலாம்,
லாரி ஓட்டிகளோடு வாய்விட்டுச் சிரிக்கலாம்.
கரையேறி, வீட்டெதிரே காரை நிறுத்தி
எஞ்சினை அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு
ஒரு பச்சை ஆப்பிள் தின்பேன்.
வீட்டில் கறுமுறுவென்று எதுவும் கிடையாது;
எல்லாம் மசித்தது, வடித்தது, ஆறவைத்தது.
காருக்குள் அந்தச் சத்தம்
மண்டை முழுக்கக் கேட்கும்.
பதினோரு நிமிடம்.
அதற்கு மேல் போனால் திருட்டு.

ஜூனில் ஒரு மாலை, கடித்த கடியில்
கடைவாய்ப் பல் பிளந்தது.
இடப்பக்கம்.

தலைவலியும் காய்ச்சலும்
தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள்.
தனக்கு வந்ததைத்
தெரியாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று
எந்தப் பழமொழியும் சொல்வதில்லை.
மலையளவு வலி குடியிருக்கும் வீட்டில்
என் கடுகை எங்கே வைப்பது?
பல்லைச் சொன்னால் ஆப்பிளைச் சொல்ல வேண்டும்.
ஆப்பிளைச் சொன்னால்
அந்தப் பதினோரு நிமிடத்தை.

ஏழு வாரம் கிராம்பை அடக்கிக்கொண்டு திரிந்தேன்.
சில இரவு, சொல்ல வெட்கம்,
அவள் முனகும்போது கோபம் வந்தது.
உனக்காவது முனக உரிமை இருக்கிறது என்று
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு, உருளைக்கிழங்கு மசியல்.
மேஜையில் இரண்டு தட்டு. நிமிர்ந்தேன்.
"நீயும் வலப்பக்கமாகவே மெல்கிறாய்" என்றாள்,
உதட்டை அதிகம் அசைக்காமல்.
"எத்தனை நாளாக?"

பல் மருத்துவரிடம் அவள்தான் கூட்டிப்போனாள்.
மூன்று சால்வை சுற்றி, கண் மட்டும் தெரிய,
ஒரு கை தெருமுனைக் கயிற்றில்,
மறு கை என் கோட்டில்.
படிவத்தில் 'உடன் வந்தவர்' என்ற கட்டத்தில்
தன் பெயரை நிறுத்தி எழுதினாள்.
அவ்வளவு நேராக அவள் உட்கார்ந்து
பார்த்து நாளாயிற்று.

வெளியே வந்தோம். என் பாதி முகம் மரத்திருந்தது.
காற்று அறைந்தது; எனக்குத் தெரியவில்லை.
அவள் கையுறையைக் கழற்றி
என் இடக் கன்னத்தில் விரல் வைத்தாள்.
"இப்போது?"
ஒன்றுமில்லை, என்று தலையசைத்தேன்.
கிள்ளினாள். "இப்போது?"
ஒன்றுமில்லை.
வெகுநேரம் விரலை எடுக்கவில்லை,
பூட்டிய கடையின் கண்ணாடியில் கைவைத்து
உள்ளே பார்ப்பவள்போல்.

மறுநாள் மதியப் பெட்டியில்
ஒரு பச்சை ஆப்பிள் இருந்தது. நறுக்காமல்.
காரின் கதவுப் பையில் காய்ந்து கிடந்தவற்றை
எப்போது பார்த்தாளோ.

பத்து நாள் கடிக்கக் கூடாது.
வீட்டெதிரே எஞ்சினை அணைத்து
அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
ஜன்னல் சாத்தியிருக்கிறது. விளக்கு எரிகிறது.
இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது.